முன்னால் போகும் சைக்கிளை முந்துவது எப்படி?

சைக்கிள் கற்றுத்தருகிறவர்கள் பேலன்ஸ், பிரேக், கியர் வரை சொல்லித்தருவார்கள். முன்னால் போகிற இன்னொரு சைக்கிளை எப்படிக் கடப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பஸ்ஸையும் லாரியையும் கண்டால் வருகிற எச்சரிக்கை சைக்கிளைக் கண்டால் வருவதில்லை. ‘அதுவும் சைக்கிள்தானே’ என்று உரசுவதுபோல் போய்விடுகிறோம்.

சென்னை ஈசிஆரை, அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகிறவர்களில் கார்பன் ரோடு பைக்கில் (மெல்லிய டயர் போட்ட வேகமான சைக்கிள்) 35 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர் உண்டு, புதிதாக வாங்கிய ஹைப்ரிட் சைக்கிளில் 18-ல் போகிறவர் உண்டு, பால் கேன் கட்டிய பழைய சைக்கிளில் 12-ல் நிதானமாக மிதிக்கிறவரும் உண்டு. மூவருக்கும் கிடைப்பது சாலையின் அதே இடது ஓரம்தான். ஆகவே முந்துவது அங்கே நிமிடத்துக்கு நிமிடம் நடக்கிற காரியம்.

அடிப்படை விதி ஒன்றுதான். முன்னால் போகிறவர் நேராகவே போவார் என்று நம்பி முந்தாதீர்கள். எந்த நொடியிலும் அவர் ஒரு மீட்டர் வலப்பக்கம் வருவார் என்று வைத்துக்கொண்டு முந்துங்கள். அந்த ஒரு மீட்டர் அவருடையது. இனிச் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

அவர் ஏன் வலப்பக்கம் வரவேண்டும்? காரணத்துக்கா பஞ்சம்! கடற்கரைச் சாலையில் ஓரத்தில் மணல் படிந்திருக்கும். மெல்லிய டயர் அதில் ஏறினால் வழுக்கும் என்பதால் விலகுவார். ராங் ரூட்டில் ஒரு மோட்டார் பைக் ஓரத்தை ஒட்டி எதிரே வரும். இது நம் ஊரில் விதிவிலக்கு இல்லை, வாடிக்கை. பள்ளம், நாய், ஓரத்தில் நிறுத்திய காரின் கதவு திறப்பது, ஸ்டாப்பில் நிற்கும் பஸ், இத்தனையும் உண்டு. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாலும் சைக்கிள் பார்த்த பக்கமே சாயும். இவற்றில் பாதி உங்கள் கண்ணில் படாது, ஏனென்றால் அவர் முதுகு மறைத்துக்கொண்டிருக்கும்.

எவ்வளவு இடம்?

ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பார் 40 முதல் 44 சென்டிமீட்டர் அகலம். எம்டிபி எனப்படும் மலைப்பாதை சைக்கிளின் ஹேண்டில் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். பால் கேனோ, இளநீர்க் குலையோ, பிளாஸ்டிக் குடங்களோ கட்டிய சைக்கிளில் கணக்கு ஹேண்டிலில் முடியாது. சுமை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் எண்ண வேண்டும். உங்கள் ஹேண்டிலின் இடது முனைக்கும் அவருடைய ஆக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பொருளுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் இருக்கட்டும். சக்கரத்துக்குச் சக்கரம் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும்.

அந்த இடம் இல்லையென்றால் முந்த வேண்டாம். குறுகலான பாலம், தடுப்புக் கட்டை வைத்த இடம், வேகத்தடைக்கு முந்தைய பத்து மீட்டர் ஆகியவற்றில் பின்னாலேயே போங்கள். இழப்பு அரை நிமிடம்கூட இருக்காது.

முந்துவது எப்போதும் வலப்பக்கம்தான். இடது ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலும் அதில் நுழையாதீர்கள். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் எவருடைய கையும் தானாக இடப்பக்கம் ஒடிக்கும், டீக்கடையைக் கண்டவரும் இடப்பக்கம்தான் திரும்புவார். நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். டொரொண்டோவிலோ பாரிஸிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே போக்குவரத்து வலப்பக்கம், ஆகவே முந்துவது இடப்பக்கம்.

எவ்வளவு நேரம்?

புதியவர்கள் கணக்குப் போடாமல் விடுவது இதைத்தான். அவர் 15 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 25. வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 2.8 மீட்டர். ஐந்து மீட்டர் பின்னாலிருந்து விலகி, அவரைத் தாண்டி, ஐந்து மீட்டர் முன்னால் போய்ச் சேர, இரண்டு சைக்கிள் நீளத்தையும் சேர்த்தால், கிட்டத்தட்ட 13.5 மீட்டர் கடக்க வேண்டும். ஐந்து நொடி ஆகும். அதற்குள் நீங்கள் சாலையில் 34 மீட்டர் ஓடியிருப்பீர்கள்.

இப்போது அவர் 25, நீங்கள் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 3 கிலோமீட்டர். அதே 13.5 மீட்டருக்கு 16 நொடி ஆகும், சாலையில் 125 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த 16 நொடியும் நீங்கள் வண்டிகள் வருகிற பாதைக்குள் இருக்கிறீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதற்குள் 350 மீட்டர் வந்துவிடும். விலகும்போது பின்னால் புள்ளியாகத் தெரிந்த கார், நீங்கள் அவருக்கு இணையாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும்.

எனவே வேக வித்தியாசம் 5 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் முந்த வேண்டுமா என்று யோசியுங்கள். முந்தியே ஆக வேண்டுமென்றால் பின்னால் இருக்கும்போதே கியர் மாற்றி, வேகத்தைக் கூட்டிக்கொண்டு, பிறகு விலகுங்கள். பக்கத்தில் போன பிறகு கியர் தேடுகிறவர் அங்கேயே தங்கிவிடுவார்.

வரிசை

பத்துப் பதினைந்து மீட்டர் பின்னாலிருக்கும்போதே வேலை தொடங்குகிறது. முதலில் திரும்பிப் பார்ப்பது. வலது தோளுக்கு மேல் பார்த்தால் சைக்கிளும் வலப்பக்கம் ஓடும். இதைத் தவிர்க்க, முழங்கைகளைத் தளர்த்தி, உடம்பைத் திருப்பாமல் தாடையை மட்டும் தோளுக்குக் கொண்டுபோங்கள். ஆளில்லாத சாலையில் வெள்ளைக்கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு, பின்னால் ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பும்போது சக்கரம் இன்னும் கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது கைவரும்வரை நெரிசலான சாலையில் யாரையும் முந்தாமல் இருப்பது நல்லது. ஹேண்டில் முனையில் பொருத்தும் சின்னக் கண்ணாடி உதவும், ஆனால் அது எல்லாவற்றையும் தூரமாகக் காட்டும். அதில் பார்த்த பிறகும் தலையைத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

பாதை காலியாக இருந்தால் வலக்கையை ஒரு நொடி பக்கவாட்டில் நீட்டிவிட்டு ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது உங்கள் பின்னால் வருகிறவர்களுக்கு.

அடுத்தது பெல். ஒரு தடவை, தெளிவாக. ஒட்டிவந்து அடிக்கிற பெல் எச்சரிக்கை அல்ல, அதிர்ச்சி. 10 கிலோமீட்டர் வித்தியாசத்தில் 15 மீட்டர் பின்னால் அடித்தால் அவருக்கு ஐந்து நொடி கிடைக்கும், அது போதும். விடாமல் கிணிகிணி என்று அடித்தால் ‘ஓரம் போ’ என்று அதட்டுவதாகத்தான் காதில் விழும். விலை கூடிய ரோடு பைக்கில் பெல் வைப்பது அழகைக் கெடுக்கும் என்று ஒரு கூட்டம் நம்புகிறது. நூறு ரூபாய்ச் சாமான், கட்டைவிரல் பிரேக்கை விடாமலே எட்டுகிற இடத்தில் மாட்டிவிடுங்கள். மாட்டும்வரை, பல சைக்கிள்களில் மிதிப்பதை நிறுத்தினாலே பின் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் கிடுகிடு என்று சத்தம் போடும், அதுவும் ஓரளவுக்குப் பயன்படும்.

வாய்விட்டுச் சொல்வதானால் கவனம். வெறுமனே ‘ரைட்! ரைட்!’ என்று கத்தினால் பாதிப்பேர் ரைட்டில் திரும்புவார்கள். பழக்கமில்லாத ஆளுக்கு அது கட்டளையாகக் கேட்கும். ‘அண்ணா, உங்க ரைட்ல வர்றேன்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். பெரியவராக இருந்தால் ‘ஐயா’. அவர் தலையசைத்தாலோ கொஞ்சம் ஒதுங்கினாலோ கேட்டுவிட்டது என்று பொருள். எந்த அசைவும் இல்லையென்றால் காதில் இயர்போன் இருக்கலாம், கேட்கும் திறன் குறைந்தவராகவும் இருக்கலாம். இன்னும் அரை மீட்டர் தள்ளி, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு கடந்துபோங்கள்.

கடக்கும்போது பார்வை முன்னால் சாலையில் இருக்கட்டும், அவருடைய கியர் செட்டில் வேண்டாம். அவர் சைக்கிளைப் பார்த்தால் உங்கள் சைக்கிள் அங்கேதான் போகும்.

திரும்பி உள்ளே வருவதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். அவருடைய முன் சக்கரத்தைத் தாண்டியதும் வெட்டி உள்ளே வந்தால், உங்கள் பின் சக்கரம் அவர் முன் சக்கரத்தின் பாதையில் நிற்கும். இடது தோளுக்கு மேல் பாருங்கள். அவரும் அவருக்கு முன்னால் இரண்டு மூன்று சைக்கிள் நீளத்துக்குச் சாலையும் தெரிந்த பிறகு மெதுவாக உள்ளே வாருங்கள். வந்ததும் வேகத்தைக் குறைக்கக் கூடாது. முந்திவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஊர்ந்து போகிறவர்களால் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. பின்னால் இருப்பவர் பிரேக் பிடிக்க வேண்டும், அல்லது உங்களைத் திரும்ப முந்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை. குறைந்தது ஒரு நிமிடம் அதே வேகத்தைப் பிடிக்க முடியாதென்றால் முந்தாதீர்கள்.

சக்கரம் உரசினால் விழுவது யார்?

பின்னால் இருப்பவர்தான், பெரும்பாலும். இது ஏன் என்று புரிந்துகொண்டால் ஒட்டிப்போகும் பழக்கம் தானாகவே போய்விடும்.

ஓடுகிற சைக்கிள் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம், சாயும் பக்கமாக முன் சக்கரத்தை நாம் ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருப்பதுதான். இடப்பக்கம் சாய்ந்தால் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி அடியில் கொண்டுவருகிறோம். நமக்கே தெரியாமல் நடக்கிற காரியம் இது. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கு வலப்பக்கமாக உங்கள் முன் சக்கரம் நுழைந்து நிற்கும்போது அவர் சற்றே வலப்பக்கம் வந்தால், அவருடைய டயர் உங்கள் டயரின் இடப்பக்கத்தை அழுத்தும். இப்போது உங்களால் சக்கரத்தை இடப்பக்கம் திருப்ப முடியாது. சட்டென்று வலப்பக்கம் விலகலாம் என்றால் அதற்கும் முதலில் இடப்பக்கம் ஒரு துளி ஒடித்தால்தான் உடம்பு வலப்பக்கம் சாயும். இரண்டுக்கும் வழியில்லை, ஒரு நொடியில் தரையில் இருப்பீர்கள். முன்னவருக்கு உரசியது அவருடைய பின் சக்கரம். அவர் திருப்புகிற சக்கரத்துக்கு எந்தத் தடையும் இல்லாததால் அநேகமாக ஒரு குலுக்கலோடு தப்பிவிடுவார்.

ஆகவே முந்தும் எண்ணம் இருந்தால் முழுதாக விலகி முந்துங்கள், இல்லையென்றால் முழுதாகப் பின்னால் இருங்கள். அரைச்சக்கரம் நுழைத்துக்கொண்டு யோசிக்கும் இடம் என்று ஒன்று இல்லை. ஏற்றத்தில் இது இன்னும் முக்கியம். உட்கார்ந்து மிதிக்கிறவர் எழுந்து நின்று மிதிக்கும் அந்தக் கணத்தில் அவர் சைக்கிள் உங்களை நோக்கி ஒரு சாண் பின்வாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்கள் 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்து வளைந்துதான் போவார்கள். அங்கே இரண்டு மீட்டர் விட்டுக் கடக்க வேண்டும், வளைவுக்குள் கடக்கவே கூடாது. இறக்கத்தில் யாரையும் வளைவில் முந்தாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காற்று

ஈசிஆரில் வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பும். திரும்பி வடக்கே வருகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். சைக்கிளைக் கவனித்துப் பாருங்கள், எல்லோரும் காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவார்கள். நீங்கள் அவருக்கு வலப்பக்கமாக வந்ததும் காற்று மறைபடுகிறது. தாங்கிக்கொண்டிருந்த காற்று போனதும் அவர் சாய்ந்திருந்த பக்கமே, அதாவது உங்கள் பக்கமே, வருவார். தெற்கே போகும்போது காற்று இடப்பக்கம். அப்போது மறைப்பு உங்களுக்கு, நீங்கள் அவர் பக்கம் நகர்வீர்கள். இரண்டு திசையிலும் இடைவெளி குறைவதால் காற்றடிக்கும் நாளில் கூடுதலாக அரை மீட்டர் விடுங்கள்.

காற்றைப் பற்றிய இன்னொரு மரியாதை: முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் மிதிக்கும் உழைப்பு நன்றாகவே குறையும். அதற்காக முன்பின் தெரியாதவரின் சக்கரத்தைச் சொல்லாமல் பிடித்துக்கொள்வது தவறு. பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் அவர் பிரேக் பிடித்தால் முடிந்தது கதை. ‘பின்னாடி வரலாமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முந்திப் போங்கள் அல்லது நான்கைந்து சைக்கிள் நீளம் விட்டு வாருங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர டிரையத்லானான அயர்ன்மேனில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். சாதாரணப் போட்டியாளர் முன்னவரின் முன் சக்கரத்திலிருந்து தன் முன் சக்கரம் வரை 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 நொடிக்குள் முந்தி முடிக்க வேண்டும். முந்தப்பட்டவர் உடனே பின்வாங்கி இடைவெளி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம் அவருக்கு.

கும்பலாகப் போகும்போது

எட்டுப் பேர் ஒற்றை வரிசையில் போனால் வரிசையின் நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். 25-ல் போகும் அந்த வரிசையை நீங்கள் 30-ல் முந்தினால் 24 நொடி, 200 மீட்டர் ஆகும். அவ்வளவு நேரம் சாலை காலியாக இருக்குமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். நடுவில் புகுந்து ஒளிந்துகொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். அவர்களுக்குள் ஒரு மீட்டர் இடைவெளிதான் இருக்கும். கடைசி ஆளிடம் சொல்லிவிட்டால் அவர் முன்னால் குரல் கொடுப்பார்.

கும்பல் தனி ஆளை முந்தும்போது நடக்கிற அநியாயம் வேறு. முன்னால் இருப்பவர் தான் கடந்ததும் பழைய ஓரத்துக்குத் திரும்புகிறார், பின்னால் வருகிறவர்களும் வரிசை கலையாமல் அவரைத் தொடர்ந்து உள்ளே வருகிறார்கள். தனியாகப் போனவர் மணலில் இறங்குகிறார். முன்னால் போகிறவர் தன் சக்கரத்தைக் கணக்கில் வைக்கக் கூடாது, கடைசி ஆளின் சக்கரம் தாண்டும்வரை வெளியிலேயே ஓட்ட வேண்டும். கடைசி ஆள் ‘கிளியர்’ என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வருவது. அந்தக் கடைசி ஆள் தனி ஆளிடம் ‘நான்தான் கடைசி’ என்று ஒரு வார்த்தை சொல்வதும் அவசியம். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் வருவார்களோ என்று அவர் விறைத்துப்போய் ஓட்டிக்கொண்டிருப்பார். இணையாக இரண்டிரண்டு பேராகப் போகிற கும்பல், முந்துவதற்கு முன் ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும்.

பள்ளிக்கூட நேரத்தில் அரசு கொடுத்த சைக்கிளில் மூன்று பேராகப் பேசிக்கொண்டு போகும் பிள்ளைகளிடம் இந்த நுணுக்கம் எதுவும் செல்லாது. தூரத்திலேயே ஒரு பெல், பிறகு அவர்கள் வேகத்துக்கு இறங்கிக் காத்திருப்பது, ஒற்றை வரிசை ஆனதும் அகலமாக விலகிக் கடப்பது. நடுவில் புகுந்தால் ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமும் ஒடிப்பார்கள்.

உங்களை ஒருவர் முந்தும்போது

உங்களிடம் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். போகிற கோட்டிலேயே போங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். முந்துகிறவரைக் கண்டதும் கால் தானாக வேகம் பிடிக்கும். ஆண்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். அவர் இணையாக இருக்கும் 5 நொடி 15 நொடி ஆவதுதான் பலன். திரும்பிப் பார்க்க வேண்டாம், ஒரு தலையசைப்போ ‘ஓகே’யோ போதும். முன்னால் பள்ளமோ மணலோ இருந்தால் கை நீட்டிக் காட்டுங்கள். ஆனால் ‘போங்க போங்க’ என்று கையை வீசி அனுப்பாதீர்கள். பின்னால் பஸ் வருகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. எச்சில் துப்புவதற்கும் மூக்குச் சிந்துவதற்கும் முன்னால் வலப்பக்கம் யாரும் இல்லை என்று பாருங்கள், பிறகும் இடப்பக்கமே துப்புங்கள்.

சிக்னல், பேச்சு, விளக்கு

சிக்னலில் நிற்கும் சைக்கிள்களுக்கு நடுவே நெளிந்து முன்னால் போய் நிற்பது நாகரிகமில்லை. உங்களைவிட வேகமாகப் போகிற ஐந்து பேர் பச்சை விழுந்ததும், பஸ்ஸும் ஆட்டோவும் பாயும் நேரத்தில், உங்களை மறுபடி முந்த வேண்டியிருக்கும். வந்த வரிசையிலேயே நில்லுங்கள்.

முந்தும்போது ‘சீட்டை ஏத்துங்க’, ‘கியர் மாத்துங்க’ என்று பாடம் எடுக்க வேண்டாம். கேட்காத ஆலோசனையை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் சொல்வதில் பயனில்லை. தனியாக ஓட்டுகிற பெண்களின் விஷயத்தில் இது மரியாதையோடு நின்றுவிடுவதில்லை. ஆளரவமற்ற விடியற்காலைச் சாலையில் பின்னாலேயே வருகிறவரும், இணையாக வந்து பேச்சுக்கொடுப்பவரும் அவர்களுக்கு அச்சம் தருகிறவர்கள், உள்நோக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள், அகலமாக விலகி, தயங்காமல் கடந்து போய்விடுங்கள்.

இருட்டில் முந்தும்போது உங்கள் முன்விளக்கு அவருடைய நிழலை அவருக்கு முன்னாலேயே நீளமாகச் சாலையில் போடும், பள்ளம் அந்த நிழலுக்குள் மறைந்துவிடும். எனவே பின்னால் அதிகநேரம் தொங்கிக்கொண்டிருக்காமல் சீக்கிரம் வெளியே விலகுங்கள், விளக்கைச் சாலையைப் பார்த்துச் சரித்து வையுங்கள், மினுக்கும் மோடில் வைக்காதீர்கள். சிவப்புப் பின்விளக்கும் அப்படித்தான். கும்பலில் போகும்போது கடைசி ஆளுடையது மட்டும் மினுக்கட்டும், மற்றவர்களுடையது மங்கலாக நிலையாக எரியட்டும்.